ஒரு கடைவாய்ப் பல்லின் கதை

நான் இதுவரை பதினோரு நாவல்கள் எழுதியிருக்கிறேன். அவற்றில் காதலித்தவர்கள் உண்டு, கடன்பட்டவர்கள் உண்டு, விஷ ஜுரத்தில் படுத்து, இரண்டு அத்தியாயங்கள் வாசகர்களைத் தவிக்க விட்டுப் பிறகு பிழைத்து எழுந்தவர்கள் உண்டு. ஒருவர் மார்வலியால் இறந்தே போயிருக்கிறார். ஆனால் ஒருவருக்காவது பல்வலி வந்ததில்லை. இதைப் பெரிய குறை என்று எந்த விமரிசகரும் இதுநாள்வரை எடுத்துச் சொல்லவில்லை. போன ஐப்பசியில் ஓர் இரவு நானே அதைக் கண்டுகொண்டேன்.

தொடர்கதையின் அடுத்த அத்தியாயம் மறுநாள் காலை பத்திரிகைக்குப் போய்ச் சேர வேண்டும். கதாநாயகி ஒரு கடிதத்தைப் பிரிக்கப் போகிறாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மணி பதினொன்று. தைரியத்துக்காக ஒரு வாய் காபி குடித்தேன். அவ்வளவுதான், கீழ்த் தாடையில் இடது பக்கம் பழுக்கக் காய்ச்சிய ஊசியை யாரோ செருகியது போல் இருந்தது. கடிதம் பிரிக்கப்படாமலே கிடந்தது.

பல்வலிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. உட்கார்ந்திருந்தால் ஒரு பங்கு. படுத்தால் மூன்று பங்கு. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். உப்பு வெந்நீரில் கொப்பளித்தேன். தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். சத்தம் கேட்டு என் மனைவி எழுந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல் இரண்டு கிராம்பைக் கையில் வைத்தாள்.

"பல்லுக்கு மேலே வச்சு மெதுவா கடிங்க. எச்சிலை முழுங்காதீங்க" என்றாள்.

சமையலறைக்குப் போகாமல், விளக்குப் போடாமல், அவளுக்குக் கிராம்பு எங்கிருந்து அத்தனை சீக்கிரம் கிடைத்தது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. கதை எழுதுகிறவன் கவனிக்க வேண்டிய விஷயம் அது. அன்று தவறவிட்டேன்.

பொழுது விடிந்ததும் செய்தி பரவியது. நம் ஊரில் பல்வலிக்காரனுக்கு யோசனை சொல்லாதவர் கிடையாது. பால்காரர் ஆலங்குச்சியைச் சிபாரிசு செய்தார். மாடி வீட்டுக்காரர் இரண்டு நாள் மாத்திரை போட்டால் அடங்கிவிடும் என்றார். என் மனைவியின் தாய்மாமா போனிலேயே ஆவேசப்பட்டார்.

"மாப்பிள்ளை! பிடுங்கி எறிஞ்சுடுங்க. ரூட் கெனால் கீட் கெனால்னு போகாதீங்க. செத்த பல்லை வாயிலே வச்சிருந்தா உடம்பு பூரா விஷம் ஏறும். எனக்கு வாட்ஸ்அப்பிலே வந்திருக்கு. அனுப்பறேன்."

எனக்கும் பிடுங்குவதே சரி என்று பட்டது. மாமாவின் விஞ்ஞானம் அதற்குக் காரணம் அல்ல. முப்பத்திரண்டு பேரில் ஒருவன் கலகம் செய்தால் அவனை நாடு கடத்துவதுதானே ராஜ தந்திரம்? செலவும் குறைவு. அன்று மாலையே மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பல் வைத்தியரிடம் போனேன்.

முப்பது வயதுகூட நிரம்பாத பெண். சாய்வு நாற்காலியில் என்னைப் படுக்க வைத்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். ஒரு கம்பியின் பிடியால் பல்லைத் தட்டினார். நான் நாற்காலியை விட்டு அரை அடி எழும்பினேன். எக்ஸ்ரே எடுத்தார்.

"பிடுங்கிடுங்க டாக்டர்" என்றேன், வீரமாக.

"பிடுங்கறதுக்கு அஞ்சு நிமிஷம் போதும் சார். திரும்ப வைக்கத்தான் முடியாது. முதல்லே இந்தப் படத்தைப் பாருங்க."

வேறு வழியில்லாமல் பார்த்தேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

பல்லின் மேலே இருக்கும் வெள்ளைப் பூச்சு நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள், எலும்பைவிடக் கடினம். அதற்கு உள்ளே சற்று மிருதுவான சுவர். அதற்கும் உள்ளே, நடுவில், பல்லின் உயிர்: நரம்பும் ரத்தக் குழாய்களும் கலந்த சதை. வாயில் இருக்கும் கிருமிகள் நாம் தின்னும் சர்க்கரையை உண்டு அமிலமாக்குகின்றன. அந்த அமிலம் பூச்சை அரித்துச் சுவரைக் குடைகிறது. அதுவரை வலி பெரிதாகத் தெரியாது. கிருமி நடுச் சதையை எட்டியதும் அது வீங்குகிறது. உடம்பில் மற்ற இடம் வீங்கினால் தோல் விரிந்து கொடுக்கும். இங்கே நாலு பக்கமும் கல் சுவர். வீங்குவதற்கு இடம் ஏது? படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடுவதால் வலியும் கூடுகிறது. என் மூன்று பங்குக் கணக்குக்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

"அப்போ மாத்திரையிலே சரியாகாதா?"

"வலி அடங்கும் சார், வியாதி அடங்காது. உள்ளே சதை செத்துப் போனப்புறம் அங்கே ரத்த ஓட்டம் இல்லை. மருந்து எந்த வழியாப் போகும்? இன்னொண்ணு சொல்றேன். சில பேருக்கு ஒரு நாள் வலி தானாவே நின்னுடும். குணமாயிட்டதுன்னு சந்தோஷப்படுவாங்க. நரம்பு செத்ததாலே நின்ன வலி அது. கிருமி அப்புறம் வேர் நுனி வழியா எலும்புக்குள்ளே இறங்கும்."

பிறகு வழிகளைச் சொன்னார், விலையோடு. பிடுங்க எண்ணூறு ரூபாய். பிடுங்கிய இடத்தை அப்படியே விடலாம். ஆனால் பக்கத்துப் பல் அந்தக் காலி மனையை நோக்கிச் சாயும், மேலே இருக்கும் ஜோடிப் பல் கீழே இறங்கும், தாடை எலும்பு நாளடைவில் வற்றும். இல்லையென்றால் பாலம் கட்டலாம். அதற்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவித் தூணாக்க வேண்டும், பதினெட்டாயிரம். எலும்பில் டைட்டானியத் திருகு வைத்து அதன்மேல் செயற்கைப் பல் பொருத்தலாம், முப்பதாயிரம். கழற்றி மாட்டும் பல் செட்டும் உண்டு. இவை எல்லாம் பிடுங்கிய பிறகு. பிடுங்காமல் வேர்ச் சிகிச்சை செய்தால் ஐயாயிரம். அந்தப் பல் மெல்லும்போது உடையாமலிருக்க மேலே மூடி போட வேண்டும், அது ஆறாயிரம்.

"எல்லாப் பல்லையும் காப்பாத்த முடியாது சார். வேர் வரைக்கும் விரிசல் விட்டிருந்தா, பிடிக்க எலும்பே இல்லேன்னா, நானே பிடுங்கத்தான் சொல்லுவேன். உங்களுது அப்படி இல்லே. உங்க ஆறாவது வயசிலே முளைச்ச பல் இது. பால் பல் எதுவும் விழாம, பின்னாடி தனியா முளைக்கும். அதனாலே பெத்தவங்க இதையும் பால் பல்லுன்னு நினைச்சு விட்டுடுவாங்க. நாப்பது வருஷம் உழைச்சிருக்கு. இன்னும் உழைக்கும்."

'பக்கத்துப் பல் சாயும்' என்று அவர் சொன்னபோதே எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

1989. கும்பகோணத்தில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பா தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அந்த ஒரே வருஷத்தில் அப்பாவுக்கும் பல்வலி வந்தது, அம்மாவுக்கும் வந்தது. அப்பாவின் பல்லைச் சுத்தம் செய்து வெள்ளி நிறத்தில் அடைத்தார்கள். அதற்கு மூன்று தடவை போய் வந்தார். ஆபீஸ் போகிறவர், நாலு பேரிடம் பேசுகிறவர், பல் வேண்டாமா? அம்மாவின் முறை வந்தபோது அவளே சொல்லிவிட்டாள்: "எனக்கு எதுக்கு அடைக்கறதும் மூடறதும்? சட்டுனு பிடுங்கிடச் சொல்லுங்க. தினம் தினம் பஸ்ஸுக்குக் காசு அழணுமா?" ஒரே நாளில் நாலு பல். பஸ் காசு மிச்சம்.

அதற்கப்புறம் மற்றவை சாய்ந்தன, ஆடின, ஒவ்வொன்றாகப் போயின. அம்மாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. தீபாவளிக்கு முறுக்குச் சுற்றுவதில் எங்கள் தெருவில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, தன் பங்கை வெற்றிலை இடிக்கிற சின்ன உரலில் போட்டு 'டொக், டொக்' என்று இடித்து, காபியில் கலந்து சாப்பிடுவாள். அம்மாவுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று நான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2001-இல் என் முதல் சம்பளத்தில் பல் செட் வாங்கிக் கொடுத்தேன். அது அவள் தாடையில் உட்காரவே இல்லை; எலும்பு வற்றியிருந்தது. ஒரு பித்தளை டம்ளரில், தண்ணீருக்குள், அது தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு கிடந்தது.

"என்ன சார் முடிவு?" என்றார் டாக்டர்.

"வச்சுக்கறேன்" என்றேன்.

மறுநாள் தொடங்கினார். ஊசி ஒன்று போட்டார், சுருக்கென்றது. பத்து நிமிஷத்தில் என் உதடு எனக்குச் சொந்தமில்லாமல் போயிற்று. பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் திரையை மாட்டினார். எச்சில் உள்ளே படாமலும், கருவி தொண்டைக்குள் விழாமலும் இருக்க அந்த ஏற்பாடு. பிறகு பல்லின் தலையில் சின்னக் கதவு ஒன்று திறந்து, மயிரிழை போன்ற அரங்களால் வேரின் குழாய்களைச் சுத்தம் செய்தார். இரண்டு வேர், மூன்று குழாய். நடுநடுவே சலவைத் தூள் வாசனையுள்ள மருந்துத் தண்ணீரை விட்டு அலம்பினார். முக்கால் மணி நேரம். வலித்ததா என்று கேட்பீர்கள். முதல் நாள் ராத்திரி வலித்ததில் நூற்றில் ஒரு பங்கு இல்லை. வாயைத் திறந்தே வைத்திருந்ததுதான் கஷ்டம். ஓர் எழுத்தாளன் முக்கால் மணி நேரம் வாயைத் திறந்துகொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

பயந்தவனுக்குப் படிக்கத் தோன்றும். வீட்டுக்கு வந்து நாலு புத்தகங்களைப் புரட்டினேன். பல்லைக் குடையும் வித்தை நேற்று வந்ததல்ல. பலூசிஸ்தானத்தில் மெஹர்கர் என்ற இடத்தில் ஏழாயிரத்து ஐந்நூறு வருஷங்களுக்கும் முந்தைய கல்லறைகளில், கல் முனையால் துளையிட்ட கடைவாய்ப் பற்கள் கிடைத்திருக்கின்றன. மரக்கும் ஊசி இல்லாத அந்தக் காலத்து நோயாளிக்கு என் நமஸ்காரம்! வேரைச் சுத்தம் செய்யும் அரத்தை 1838-இல் அமெரிக்கரான எட்வர்ட் மேனார்ட் கடிகார ஸ்பிரிங்கை ராவிச் செய்தாராம். எச்சிலைத் தடுக்கும் ரப்பர் திரை 1864-இல் வந்தது. எக்ஸ்ரே கதிரை ரான்ட்ஜன் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த ஜனவரியிலேயே ஜெர்மனியில் ஆட்டோ வால்காஃப் தம்முடைய பல்லையே படம் பிடித்துவிட்டார். என் உதட்டைத் திருடிய லிடோகேயின் மருந்தை ஸ்வீடனில் 1943-இல் நில்ஸ் லோஃப்கிரென் தயாரித்தார்.

காலியான குழாயை அடைக்கும் பொருளைப் பற்றிப் படித்தபோதுதான் ஆச்சரியப்பட்டேன். கட்டாபெர்ச்சா என்று பெயர். மலேயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே கடலுக்கடியில் போட்ட தந்திக் கம்பிக்கு இதைத்தான் உறையாகப் பூசினார்கள். 1867 முதல் பல் வேரிலும் அடைக்கிறார்கள். கடல் தண்ணீரைத் தடுத்தது என் எச்சிலைத் தடுக்காதா?

மாமாவின் வாட்ஸ்அப் விஞ்ஞானத்துக்கும் பூர்வோத்தரம் கிடைத்தது. 1910-இல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் கனடாவில் மான்ட்ரீல் நகரில் ஒரு பிரசங்கம் செய்தார்: மூட்டுவலி முதல் பலவித வியாதிகளுக்கும் மூலம் வாயிலிருக்கும் கிருமியே என்று. அதைப் பிடித்துக்கொண்டு அமெரிக்காவில் வைத்தியர்கள் நல்ல பல்லைக்கூடச் சரம் சரமாகப் பிடுங்கித் தள்ளினார்கள். பல் போன பிறகும் மூட்டுவலி போகவில்லை. பிற்பாடு நடந்த ஆராய்ச்சிகள் அந்தக் கொள்கையைக் கைவிட வைத்தன. ஆனால் கொள்கை செத்தாலும் வதந்தி சாவதில்லை. நூறு வருஷம் தாண்டி மாமாவின் போனுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அடுத்த வாரம் குழாய்களை அடைத்தார். அதற்கடுத்த வாரம் மூடிக்கு அளவெடுத்தார். அன்று கை கழுவிக்கொண்டே டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "வீட்டிலே மேடத்துக்குப் பல்லெல்லாம் எப்படி சார்?"

"அவளுக்கு ஒண்ணுமில்லே டாக்டர். வலின்னு சொன்னதே இல்லே."

"சொன்னதில்லையா, வந்ததில்லையா?"

வழி நெடுக அந்தக் கேள்வி என் கூடவே நடந்து வந்தது. அன்று இரவு சாப்பிடும்போது, பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாக, என் மனைவி எப்படிச் சாப்பிடுகிறாள் என்று கவனித்தேன். ஒவ்வொரு கவளமும் வலது பக்கமே போயிற்று. அப்பளத்தை அவள் தொடவில்லை. ரசத்தில் நொறுக்கிப் போட்டு ஊற வைத்தாள். கிராம்பு ஞாபகத்துக்கு வந்தது. எழுந்து போய் அவள் தலைமாட்டைப் பார்த்தேன். பழைய தைல டப்பா ஒன்று இருந்தது. திறந்தால், நிறையக் கிராம்பு.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் இருக்கும். முன்னெல்லாம் ராத்திரியிலே உயிர் போகும். இப்போ ஒண்ணுமில்லே. ஒண்ணு தானாவே நின்னு ஆறு மாசமாச்சு."

தானாக நின்ற வலியைப் பற்றி டாக்டர் சொன்னது என் காதில் ஒலித்தது.

"ஏன் சொல்லலே?"

"பையனுக்குப் பீஸ் கட்ட வேண்டியிருந்தது. அப்புறம் உங்க அத்தைக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் உங்க பல்லே வந்துடுச்சு. ஒரே வருஷத்திலே எத்தனைன்னு பார்க்கறது? எனக்கு வேணும்னா பிடுங்கிடச் சொல்லுங்க. எண்ணூறு ரூபாதானே?"

பஸ் காசு எண்ணூறு ரூபாயாக மாறியிருந்தது. மற்றபடி அம்மாவின் குரல்தான். அப்பா செய்ததைச் செய்யக்கூடாது என்று பதினோரு நாவல்களில் கதாநாயகர்களுக்கு உபதேசம் பண்ணியவன், தன் கடைவாய்ப் பல்லுக்குப் பதினோராயிரம் எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் படுத்திருந்தவள் இருட்டில் கிராம்பு கடித்ததை அறியாமல் தூங்கியிருக்கிறேன். அப்பா மேல் எனக்கிருந்த பழைய கோபத்தை அன்றிரவு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் அழைத்துப் போனேன். இந்தத் தடவை நாற்காலியில் அவள். வாசல் பெஞ்சில் நான். எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சொன்னார்: இரண்டு சொத்தை. ஒன்றைக் காப்பாற்றலாம். வலி நின்றுபோனது ஈறுக்குக் கீழே உடைந்திருக்கிறது. அதற்குக் காலம் கடந்துவிட்டது.

"ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா ரெண்டையும் வச்சிருக்கலாம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துத்தான் சொன்னார். இருந்தாலும் நான் தலைகுனிந்துகொண்டேன்.

ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். மற்றதற்கு வேர்ச் சிகிச்சை நடந்தது, மூடியும் போட்டாயிற்று. காலியான இடத்தில் திருகு வைத்துப் பல் பொருத்தலாம் என்று தீர்மானித்திருக்கிறோம். ஸ்வீடனில் பிரானமார்க் என்ற வைத்தியர் 1952-இல் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைப் பிறகு கழற்றப் பார்த்தாராம். எலும்பும் உலோகமும் ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. அந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு 1965-இல் முதல் மனிதருக்குப் பல் வைத்தார். அந்த நோயாளி 2006-இல் காலமாகும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அது அவர் தாடையில் நின்றதாம். இதைப் படித்துக் காட்டியபோது என் மனைவி, "முப்பதாயிரம்னு சொன்னாங்களே, அதைப் படிச்சீங்களா?" என்றாள். தீபாவளி மலர்க் கதைகளுக்கு வந்த பணம் அதற்கென்று தனியாக இருக்கிறது. சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்று 1953 முதல் இருக்கிறது. கையில் பணமில்லாதவர்கள் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பொறுமையும் ஒரு பகல் பொழுதும் வேண்டும், அவ்வளவே.

கதாநாயகியின் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒரு வாரம் தள்ளிப் பிரித்தாள். அதில் விசேஷம் ஒன்றுமில்லை.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைப் படித்த கையோடு கண்ணாடி முன்னால் போய் உங்கள் பல்லைப் பார்ப்பீர்கள்; பாருங்கள், நல்லதுதான். ஆனால் இன்று இரவு சாப்பாட்டில், பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறார்களே, அவர்களையும் கொஞ்சம் பாருங்கள். எந்தப் பக்கம் மெல்லுகிறார்கள்? அப்பளத்தைக் கடிக்கிறார்களா, ஊற வைக்கிறார்களா? கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.